செல்ஃப் எடுக்கிறதா, எடுக்கவில்லையா: ஸ்டார்ட் ஆகாத காரில் பழுதைத் தேடும் வழி

“கார் ஸ்டார்ட் ஆகவில்லை” என்பது ஒரே புகார் போலத் தெரியும். பட்டறையில் அது இரண்டு. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று. மெக்கானிக் எடுத்ததும் “செல்ஃப் எடுக்குதா?” என்று கேட்பது இதனால்தான். எடுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் (என்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்), அதற்கு உத்தரவு அனுப்பும் சுவிட்சுகள். பெட்ரோல் பக்கம் போக வேண்டியதே இல்லை. நல்ல வேகத்தில் எடுக்கிறது என்றால் செல்ஃப் மோட்டாரை விட்டுவிடலாம். எரிபொருள், ஸ்பார்க், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்) ஆகிய மூன்றில் எது வரவில்லை என்று தேட வேண்டும். இந்தப் பிரிவைச் செய்யாமல் தொடங்குகிறவர்தான் நல்ல பேட்டரியை மாற்றிவிட்டு, பிளக்கையும் மாற்றிவிட்டு, கடைசியில் துருப்பிடித்த ஒரு எர்த் கேபிளில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கக் கேபிளில், வந்து நிற்கிறார்.

1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன், என்ஜினை முன்பக்கமிருந்து கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள். எதிர்த்து உதைத்தால் கை முறியும். ஆனால் என்ஜின் இறுகிவிட்டதா, கம்ப்ரஷன் இருக்கிறதா என்பது அந்தக் கைக்கே தெரிந்துவிடும். இப்போது அந்த வேலை காதுக்கு வந்திருக்கிறது.

சத்தம் சொல்வது

சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்ததும் “டக் டக் டக் டக்” என்று வேகமாக அடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. அது ஏன் அடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் கொஞ்சம் கரண்ட் கிடைத்தாலே இழுத்துவிடும். அது இழுத்ததும் உள்ளே செம்புத் தகடு சேர்ந்து மோட்டாருக்குப் பாதை திறக்கிறது. மோட்டார் கேட்கும் 100, 200 ஆம்பியரைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது. சோலனாய்டால் பிடித்துவைக்க முடியவில்லை, விட்டுவிடுகிறது. விட்டதும் லோடு, அதாவது மோட்டார் இழுக்கும் சுமை, போய்விடுவதால் வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரு நொடிக்குள் இது பல தடவை நடப்பதுதான் அந்தச் சத்தம். ஆகவே வேகமான டக் டக் என்றால் சோலனாய்டு நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு “டக்”, பிறகு அமைதி என்றால் விஷயம் வேறு. சோலனாய்டு இழுத்துப் பிடித்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. உள்ளே செம்புத் தகடு தீய்ந்திருக்கலாம், சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அரிதாக என்ஜினே இறுகியிருக்கலாம். இந்த நிலையில் செல்ஃப் மோட்டாரின் உடலை மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் சில சமயம் எடுத்துவிடும். தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் சுற்றும் பகுதியின் கம்யூட்டேட்டரைத் தொட்டுவிடுகிறது என்பதுதான் ரகசியம். இது வைத்தியம் இல்லை, நோயை உறுதிசெய்யும் சோதனை. அடுத்த வாரம் தட்டினாலும் எடுக்காது.

மோட்டார் “விர்ர்” என்று தனியாகச் சுற்றி, என்ஜின் அசையாமல் இருந்தால் மோட்டார் முனையில் இருக்கும் பெண்டிக்ஸ் பல்சக்கரம் என்ஜின் ஃப்ளைவீலின் ரிங் கியரோடு சேரவில்லை, அல்லது உள்ளே வழுக்குகிறது. முனகிக்கொண்டு மெல்லச் சுற்றினால் பேட்டரியோ கேபிளோ. எந்தச் சத்தமும் இல்லை என்றால் உத்தரவே மோட்டாருக்குப் போய்ச்சேரவில்லை.

ஓய்வில் 12.6 என்பது பாதி உண்மை

பேட்டரிக்குள் ஆறு செல்கள். நிறைந்த நிலையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட், மொத்தம் 12.6. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு சார்ஜ்தான் மிச்சம். அந்த 0.6 வோல்ட் வித்தியாசத்துக்குள் சார்ஜின் முக்கால் பங்கு அடங்கிவிடுகிறது. “பன்னிரண்டு வோல்ட் காட்டுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்பது அதனால்தான் தவறான முடிவு. முழுதாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அந்தப் பேட்டரியோடு மேலும் போராட வேண்டாம்.

இப்போதுதான் காரை ஓட்டி நிறுத்தியிருந்தாலோ, சார்ஜரைக் கழற்றியிருந்தாலோ மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளந்தால் அந்த மேல்பூச்சு நீங்கிவிடும்.

ஆனால் ஓய்வில் என்ன காட்டினாலும் தீர்ப்பு லோடில்தான். மீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு இன்னொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மிதமான வெப்பநிலையில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. தெரிந்த நல்ல பேட்டரியை ஜம்பர் கேபிளில் சேர்த்தும் அப்படியே விழுந்தால் சந்தேகம் மோட்டார் பக்கம் நகர வேண்டும். மாறாக, சாவியைத் திருப்பியும் வோல்டேஜ் 12.4லேயே அசையாமல் நின்றால் பேட்டரியிடமிருந்து யாரும் எதையும் கேட்கவே இல்லை என்று பொருள். பாதை எங்கோ அறுந்திருக்கிறது.

மீட்டர் இல்லாதவருக்கு ஹெட்லைட்டே மீட்டர். அதைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் இயல்பு. முற்றிலும் அணைந்துபோனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு மோசம். துளியும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை.

கேபிளில் தொலைகிற வோல்ட்

மீட்டரின் முனையை பேட்டரியைப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பில் வைத்து அளப்பது பலரும் செய்யும் தவறு. ஒருமுறை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் ஒருமுறை கிளாம்பிலும் வைத்து, செல்ஃப் எடுக்கும்போது அளக்க வேண்டும். கம்பத்தில் 12.3, கிளாம்பில் 4 என்றால் பேட்டரியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டுக்கும் நடுவே படிந்திருக்கும் ஆக்ஸைடு படலம்தான் திருடன். வெளியில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி கண்ணுக்குத் தெரியும். கிளாம்புக்கு உள்ளே இருக்கும் கறுப்புப் படலம் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

மெல்லிய படலம் இவ்வளவு செய்யுமா என்றால், கணக்கு எளிது. ஒரு இணைப்பில் வெறும் 0.02 ஓம் மின்தடை. கேபின் விளக்குக்கு அரை ஆம்பியர் போதும். அங்கே தொலைவது 0.01 வோல்ட், யாருக்கும் தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே இணைப்பில் 3 வோல்ட் போய்விடும். அந்த இடத்தில் 450 வாட் சூடு பிறக்கும். விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்ற புதிருக்கு விடை இதில் இருக்கிறது. சில நொடி முயன்ற பிறகு இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறதோ அதுதான்.

மின்தடையை ஓம் மீட்டரில் அளந்து இதைப் பிடிக்க முடியாது. சாதாரண மல்டிமீட்டருக்கு 0.02 ஓம் என்பது பூஜ்யம்தான். ஆகவே லோடில் வோல்டேஜ் வீழ்ச்சியை அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில். செல்ஃப் எடுக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு. அடுத்து, நெகட்டிவ் கம்பத்துக்கும் என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அதே சோதனை; இங்கே 0.2, 0.3க்கு மேல் இருக்கக் கூடாது. என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அதை பாடியோடு இணைக்கும் எர்த் பட்டைதான் திரும்பும் பாதை. கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு அதை மாட்ட மறப்பது பட்டறைகளில் புதிதல்ல.

டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் உரசி நேரடியாக ஷார்ட் ஆகும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் பொடியைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகு மேலே வாஸ்லின் தடவலாம்.

உத்தரவு எங்கே நின்றது?

பேட்டரியும் கேபிளும் சரி, ஆனால் சத்தமே இல்லை என்றால் செல்ஃப் மோட்டாரில் இருக்கும் மெல்லிய ஒயரைத் தேடுங்கள். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது அதில் பேட்டரியை ஒட்டிய வோல்டேஜ் வர வேண்டும். அது வந்து, தடித்த போல்ட்டிலும் வோல்டேஜ் நின்று, எர்த்தும் சரியாக இருந்து, மோட்டார் சுற்றவில்லை என்றால் அப்போதுதான் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற நியாயம் பிறக்கிறது.

வரவில்லை என்றால் மேல்நோக்கிப் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவரை பி (பார்க்கிங்) நிலையிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி முயலுங்கள். அங்கே எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. மேனுவல் காரில் பெரும்பாலும் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்; கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டு, பெடல் முழுதும் இறங்காமல் போனாலே செல்ஃப் எடுக்காது. பட்டன் ஸ்டார்ட் கார் பிரேக் மிதிக்கப்பட்டதை அறிந்தால்தான் முயலும். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றுவதற்கு முன் பெடல் சுவிட்சைப் பாருங்கள். செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைச் சோதிக்க, ஃபியூஸ் பெட்டியில் அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை, ஹாரன் ரிலே போன்றதை, இடம்மாற்றிப் போட்டுப் பார்த்தால் போதும்.

காலையில் மட்டும் இறந்துகிடக்கும் பேட்டரி

ஜம்ப் கொடுத்தால் எடுக்கிறது, நாள் முழுதும் ஓடுகிறது, மறுநாள் காலை மறுபடி டவுன். இதில் இரண்டு வாய்ப்புகள்: சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறியது இரவில் கசிகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அளந்தால் 0.5க்கு மேல் வரக் கூடாது. வந்தால் உள்ளே டயோடு போயிருக்கிறது. அந்த டயோடே இரவுக் கசிவுக்கும் காரணமாகலாம்.

கசிவை அளக்க நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே தொடராக மாட்ட வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, ஃபியூஸ் போய்விடும். மாட்டியதும் சில ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். காரின் கண்ட்ரோல் யூனிட்டுகள் (சிறு கணினிகள்) உறங்கப் போக 20, 30 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகு 0.05 ஆம்பியர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இயல்பு. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைக் குடிக்க அந்தக் கரண்டுக்கு ஏறக்குறைய 19 நாள் ஆகும். டிக்கியில் அணையாத ஒரு 5 வாட் விளக்குக்கு 54 மணி நேரம். ஒரு ஆம்பியர் கசிவுக்கு ஒரு நாள்கூட வேண்டாம். அளவு மிகுந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை உருவும்போது முள் விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டைப் பிடிக்கலாம்.

ஜம்ப் கொடுப்பதில் ஒரு வரி: சிவப்பு இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்; கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை இறந்த காரின் என்ஜின் உலோகத்தில். கடைசித் தொடுதலில்தான் பொறி பறக்கும். பேட்டரி விடும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் என்பதால் அந்தப் பொறி பேட்டரியை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

செல்ஃப் எடுக்கிறது, பற்றவில்லை

இங்கேயும் முதல் சாட்சி சத்தம். ஆரோக்கியமான என்ஜின் செல்ஃபில் சுற்றும்போது ஏறி இறங்கும் தாளம் இருக்கும். ஒவ்வொரு பிஸ்டனும் அழுத்தத்தில் ஏறும்போது மோட்டார் சற்றே திணறுவதால் வரும் தாளம் அது. அந்தத் தாளம் இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு முறைப்படுத்தும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. முறை தவறினால் மோதிக்கொள்ளும். இன்னும் மோதாமல் மிச்சமிருக்கும் வால்வையும் அடுத்த முயற்சி வளைத்துவிடக்கூடும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பல என்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தெரியும். ஒருவர் ஒரே நொடி செல்ஃப் அடிக்கும்போது அது சுற்றவில்லை என்றால் விசாரணை முடிந்தது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய நினைக்கிறவர்கள் இதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தாளம் சரியாக இருந்தால் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. ஒரு நொடி பற்றி உடனே அணைவதும் இதன் குணம். சாவிக்குள் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை; ஆகவே ஸ்மார்ட் கீயின் பேட்டரி தீர்ந்திருந்தால் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும்.

பிறகு எரிபொருள். ரேடியோவை அணைத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோனால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றிரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். பம்ப் லைனை அழுத்தத்துக்குக் கொண்டுவரும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப்புக்கு வரும் வோல்டேஜ் என்ற வரிசையில் பாருங்கள். மோதலில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் உள்ள கார்களில் பள்ளத்தில் பலமாக இறங்கினாலே அது துண்டித்திருக்கலாம். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடும். சத்தம் கேட்பதாலேயே அழுத்தம் இருக்கிறது என்றாகாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜின்களில் லைனில் 3 முதல் 4 பார் வரை நிற்க வேண்டும் என்பதை கேஜ் மாட்டித்தான் உறுதி செய்ய முடியும். டேங்க் முள்ளை நம்ப வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது பல சோதனைகளைவிட மலிவு.

பலமுறை முயன்று சைலன்சரில் பச்சை பெட்ரோல் வாடை வந்தால் என்ஜின் நனைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துச் செல்ஃப் அடித்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் கண்ட்ரோல் யூனிட் இன்ஜெக்டர்களை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். பற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். எந்த முயற்சியும் 10 நொடியைத் தாண்டக் கூடாது. செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

ஸ்பார்க்கைப் பார்க்கப் பிளக்கைக் கையில் பிடித்து என்ஜினில் உரசுவது பழைய பழக்கம். இன்றைய காயில்கள் 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியவை. பக்கத்திலேயே திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்ப்பதுதான் முறை. ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லாததால் நான்கு சிலிண்டர் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகாது; உலுக்கிக்கொண்டாவது ஓடும். நான்கிலும் இல்லை என்றால் நான்கு காயிலும் ஒரே நாளில் சாகவில்லை. அவற்றுக்குப் பொதுவான ஒன்று செத்திருக்கிறது.

அந்தப் பொதுவான ஒன்று பல நேரம் என்ஜினின் சுழற்சியைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கண்ட்ரோல் யூனிட் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் இருப்பது ஒரு குறிப்பு. எல்லாக் கார்களிலும் முள் அந்த வேகத்தைக் காட்டாது என்பதால், ஸ்கேனரில் நேரடி ஆர்பிஎம் பார்ப்பது நம்பகமானது. 200 பக்கம் காட்ட வேண்டியது பூஜ்யத்திலேயே நின்றால் கோளாறு சென்சாரோ, ஒயரோ, சென்சார் படிக்கும் பல்சக்கரமோ.

குளிர்ந்த என்ஜின் மட்டும் அடம்பிடித்தால் அதே ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையைப் பாருங்கள். இரவு முழுதும் நின்ற காரில் அதுவும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜின் ஆறிக் கிடக்க, கூலண்ட் 80 என்று காட்டினால் யூனிட் சூடான என்ஜினுக்கான சிறு அளவு பெட்ரோலைத்தான் கொடுக்கும்.

இரண்டு புகார்களும் கலந்துவரும் ஒரு இடம் உண்டு. செல்ஃப் மெல்ல எடுக்கிறது, ஆனால் வோல்டேஜ் அவ்வளவு விழுவதால் கண்ட்ரோல் யூனிட்டே விழித்திருக்க முடியவில்லை. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி இல்லாமல் எரிபொருளையோ ஸ்பார்க்கையோ சோதிக்கத் தொடங்காதீர்கள்.

டீசல்

டீசலில் ஸ்பார்க் இல்லை. அழுத்திச் சூடேறிய காற்றுதான் பற்றவைக்கிறது. ஆகவே மெல்லச் சுற்றும் செல்ஃபை அது மன்னிக்காது. குளிரில் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் உதவிக்கு வருகிறது. கனெக்டரைக் கழற்றி ஓம் மீட்டரில் அளந்தால் ஒரு ஓம் பக்கம் காட்ட வேண்டும். முடிவிலி என்றால் எரிந்துவிட்டது. எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் எடுக்கும் காமன் ரெயில் என்ஜினில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் 200, 300 பார் வராவிட்டால் யூனிட் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. ஃபில்டரில் தண்ணீர், சக்‌ஷன் பக்கம் காற்று இழுப்பது, இன்ஜெக்டர் ரிட்டர்னில் அதிகம் வழிவது ஆகியவை அந்த அழுத்தத்தைத் தின்னும். ரிட்டர்ன் குழாய்களை ஒரே அளவுள்ள பாட்டில்களில் விட்டுச் செல்ஃப் அடித்தால் எது முதலில் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டரைக் கழற்றலாம். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. சிவந்த பிளக்கில் அது பிஸ்டன் மேலே வருமுன்பே வெடிக்கும்.

வெள்ளத்தில் நின்ற எந்த காராக இருந்தாலும், பெட்ரோலோ டீசலோ, சாவியைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் அழுந்தாது; கனெக்டிங் ராட்தான் வளையும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே செல்ஃப்.

இருந்து இருந்து வரும் பழுது

சூடாக நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் வந்து நிற்கும்போது நிச்சயம் ஆகும். நிறுத்திய உடனே கூலண்ட் ஓட்டம் நின்று என்ஜின் பகுதியின் சூடு சிறிது நேரம் ஏறிக்கொண்டுதான் போகிறது. கிராங்க் சென்சாரின் உள்கம்பி விரிந்து அறுபடும், பழைய ரிலேயின் ஈயப் பற்று விலகும். ஆறியதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் காரைப் பழுது இருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும் என்பதால், அந்த நிமிடத்தில் மூன்றை மட்டும் குறித்துவையுங்கள்: சாவியை ஆன் செய்ததும் பம்ப் சத்தம் கேட்டதா, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசைந்ததா, சாவி விளக்கு மின்னியதா. முடிந்தால் கிராங்க் சென்சாரின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உடனே முயலுங்கள். அந்த முயற்சியில் பற்றிக்கொண்டால் புதிய சென்சாருக்குச் சொல்லிவிடலாம்.